கொடுபடாத கூலி



முதலாளிமார் வாசிக்கும் இவ்வேட்டில், சம்பளம் குறைவாகக் கிடைத்த சிப்பந்தி என்ன செய்ய வேண்டும் என்று பாடம் எழுதுவது பொருத்தமா என்று சிலர் நினைக்கலாம். பொருத்தமே என்பது நமது எண்ணம். இன்று கல்லாவில் அமர்ந்திருப்போர் பலருக்கும் வேறொருவர் கடையில் நின்று உழைத்த காலம் ஒன்று உண்டு. தமக்கில்லாவிடினும் தம் அத்தாவுக்கு உண்டு. மேலும், நம் உணவகத்தில் தேநீர் ஆற்றுகிறவரும் ரொட்டி வீசுகிறவரும் பல சமயங்களில் அந்நியரல்லர். மச்சான் முறையிலோ, ஊர் ஜமாஅத்தார் சொல்லியோ வந்தவர்கள்.

இந்த உறவே இவ்விஷயத்தில் பெருஞ்சிக்கலாக முடிகிறது. சம்பளத்தில் குறை நேர்ந்தால் சிப்பந்தி வாய் திறப்பதில்லை. "மாமாவிடம் எப்படிக் கேட்பது?" என்று கடையில் இருக்கும்வரை பொறுக்கிறார். வேலையை விட்டு ஊர் திரும்பிய பின்னும், "பெருநாள் கழியட்டும், மாமாவே அனுப்புவார்" என்று பொறுக்கிறார். பொறுமை நல்ல குணந்தான். ஆனால் சட்டம் வகுத்த தவணை அவருக்காகப் பொறுத்திருப்பதில்லை. இதைப் பின்னர் விளக்குவோம்.

முதலில் மார்க்கத்தின் நிலை. கூலிக்கு ஆள் அமர்த்துவதை ஃபிக்ஹு நூல்கள் 'இஜாரா' என்னும் பாடத்தில் கூறுகின்றன. கூலி இன்னதென்று இரு தரப்பாரும் அறிந்திருக்க வேண்டும் என்பது அங்கே முக்கிய நிபந்தனை. "வா, வந்து வேலையைப் பார், குறையில்லாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஊரில் சொல்லி அழைத்து வருகிறோமே, அன்பு மிகுந்த அந்த வார்த்தை இஜாராவுக்குப் போதாது. மூஸா நபி (அலை) அவர்கள் மத்யனில் ஒரு பெரியவரிடம் வேலைக்கு அமர்ந்த வரலாறு திருக்குர்ஆனின் 28ஆவது அத்தியாயத்தில் வருகிறது. மருமகனாகப் போகிறவர் அவர். ஆயினும் எட்டு வருஷம் என்று தவணை பேசப்பட்டது. அதைப் பத்தாக்குவது அவர் விருப்பம் என்பதும் பேசப்பட்டது. அல்லாஹ்வையே சாட்சியாக வைத்து ஒப்பினார்கள். மாமன் மருமகன் உறவுக்குள்ளும் பேச்சு இவ்வளவு தெளிவாக இருந்தது என்பதை நம்மவர் கவனிக்க வேண்டுகிறோம்.

பேசிய கூலியைக் கொடாதிருப்பது பற்றியோ எச்சரிக்கைகள் கடுமையானவை. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்னும் நபிமொழி இப்னு மாஜாவில் பதிவாகி, நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே பாடம் பண்ணுவது. புகாரியில் உள்ள மற்றொரு ஹதீஸை அவ்வளவாகச் சொல்வதில்லை. மறுமையில் மூவருக்கு எதிராக அல்லாஹ்வே வழக்காடுவான் என்றும், அவர்களில் ஒருவர் ஆளிடம் முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடாதவர் என்றும் அதில் வருகிறது. அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் 83ஆவது அத்தியாயத்தை நாம் படி, தராசு, முழக்கோல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறோம். மளிகைக் கடையில் தராசுத் தட்டைத் துடைத்துத் துடைத்து வைக்கும் நம்மவர், பத்து மணி நேர வேலையை எட்டு மணி நேரமென்று எழுதும்போது, அதுவும் அளவையே என்பதை மறந்துவிடுகிறார்.

இனி இந்நாட்டு நடைமுறைக்கு வருவோம். சிங்கப்பூரில் எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவாக ஒரு குறைந்தபட்சச் சம்பளத்தைச் சட்டம் வகுக்கவில்லை. உள்ளூர் ஊழியர்களுக்குச் சில தொழில்களில் படிப்படியான சம்பள முறை உண்டு. மற்றப்படி, பேசிய தொகையே அடிப்படை. ஆகையால் அது எழுத்தில் இருப்பது உயிர்நாடி. வேலை நியமனச் சட்டத்தின்படி, 2016 ஏப்ரல் 1 முதல், வேலையில் சேர்ந்த 14 நாட்களுக்குள் முக்கிய நிபந்தனைகளை முதலாளி எழுத்தில் கொடுக்க வேண்டும். சம்பளம் கொடுக்கும்போது, அடிப்படை எவ்வளவு, படி எவ்வளவு, கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் சம்பளச் சீட்டும் கொடுக்க வேண்டும். வேலை அனுமதிச் சீட்டில் வருபவருக்கு, அமைச்சின் அனுமதிக் கடிதம் புறப்படுமுன்பே அவர் தாய்மொழியிலும் வருகிறது. அதில் சம்பளம், படி, பிடித்தம் யாவும் கண்டிருக்கும். அந்தத் தாளை எறிந்துவிடாமல் பத்திரப்படுத்த வேண்டும்.

சம்பளம் குறைவது பெரும்பாலும் "கொடுக்க மாட்டேன்" என்று முதலாளி சொல்வதால் அல்ல. வேறு வழிகளில்தான் குறைகிறது. இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையற்காரரை வேலை அனுமதிச் சீட்டில் அழைத்துக்கொள்ள 2023 செப்டம்பர் முதல் வழி திறந்தது. மாதச் சம்பளம் 2,000 வெள்ளிக்குக் குறையலாகாது என்பது நிபந்தனை. நம் தொழிலுக்கு இது பெரிய உதவி. ஆனால் இதிலே ஒரு கள்ள வழியும் பிறந்திருக்கிறது. தாளில் 2,000; வங்கியிலும் 2,000 விழும்; மறுநாள் அதில் 500 அல்லது 600 வெள்ளியை எடுத்து முதலாளியிடமோ அவர் காட்டும் ஆளிடமோ திருப்பிக் கொடுக்க வேண்டும். கேட்டால், "லெவி யார் கட்டுவது?" என்பார்கள். லெவி முதலாளியின் பொறுப்பு. அதை ஊழியர் தலையில் ஏற்றக்கூடாதென்பது சட்டம். வேலை கொடுப்பதற்காகவோ வேலையில் வைத்திருப்பதற்காகவோ ஊழியரிடம் பணம் வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு வருஷம் வரை சிறையும் உண்டு. மார்க்கத்தில் இதற்கு மேலும் ஒரு குற்றம் சேர்கிறது; அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தது பொய்யாகிறது.

அடுத்தது கூடுதல் நேரம். உடலுழைப்புத் தொழிலாளரில் 4,500 வெள்ளி வரையும் மற்ற ஊழியரில் 2,600 வெள்ளி வரையும் அடிப்படை மாதச் சம்பளம் பெறுவோருக்கு வாரம் 44 மணி நேரமே வேலை. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு கூலி. நம் கடைகளில், "தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுக்கிறோமே, இதிலே ஓ.டி. எதற்கு?" என்று கேட்பவர் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2,000 வெள்ளி சமையற்காரர் காலை 10 மணிக்கு அடுப்படிக்கு வருகிறார். இரவு 10 மணிக்கு வெளியேறுகிறார். நடுவில் இரண்டு மணி ஓய்வு. ஆறு நாளுக்கு 60 மணி நேரம். 44 போக வாரம் 16 மணி கூடுதல். மணிக் கூலி காண, மாத அடிப்படைச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, 52ஐ 44ஆல் பெருக்கிய 2,288ஆல் வகுக்க வேண்டும். மணிக்கு 10 வெள்ளி 49 காசு வரும். ஒன்றரை மடங்கு 15 வெள்ளி 73 காசு. நான்கு வாரத்தில் 64 மணி; தொகை ஆயிரம் வெள்ளிக்குச் சற்று மேல்! பாதிச் சம்பளம் இது. இந்தத் தொகையைக் கேட்டு முதலாளி திடுக்கிடுவதில் வியப்பில்லை. ஆனால் திடுக்கிட வேண்டிய இடம் ஆளை அமர்த்தும் நாள். கணக்கு முடிக்கும் நாள் அல்ல. இரண்டு பெருநாள் உள்ளிட்ட பொது விடுமுறையில் வேலை வாங்கினால், மேலும் ஒரு நாள் கூலியோ மாற்று விடுப்போ கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்க.

பிடித்தத்துக்கும் வரம்பு உண்டு. தட்டு உடைந்தது, கல்லாவில் குறைந்தது என்று பிடிப்பதானால், முதலில் ஊழியர் சொல்வதைக் கேட்க வேண்டும். அப்படியும் ஒரு மாதச் சம்பளத்தில் காற்பங்குக்கு மேல் பிடிக்கலாகாது. தங்குமிடத்துக்குப் பிடிப்பதானால் அவர் சம்மதம் வேண்டும். அதற்கும் காற்பங்கே எல்லை.

நம் சமூகத்துக்கே உரிய இன்னொரு வகையும் உண்டு. தங்கை கலியாணத்துக்கு ஆயிரம் வெள்ளி கொடுத்தோம், பெருநாளைக்குத் துணி எடுத்துக் கொடுத்தோம், ஊருக்குப் போக டிக்கெட் போட்டோம் என்று, கணக்குத் தீர்க்கும் நாளில் பழையதையெல்லாம் கிளறிச் சம்பளத்தில் கழிப்பது. கொடுக்கும்போது கடன் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் அது கடன். எழுதி வைத்துத் தவணையில் பிடிக்கலாம். அன்பளிப்பாகக் கொடுத்திருந்தால் அது ஹதியா. கொடுத்த ஹதியாவைத் திரும்பப் பெறுவதை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு அருவருப்பான உவமையால் கண்டித்தார்கள் என்பதை ஆலிம்களிடம் கேட்டறியலாம். சம்பளமோ முதலாளி பட்ட கடன். இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதக் கூடாது.

சரி, குறைந்துவிட்டது. சிப்பந்தி என்ன செய்வார்?

முதல் வேலை கணக்கு. ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் வந்த நேரம், போன நேரம், ஓய்வு, கைக்கு வந்த தொகை ஆகியவற்றை அன்றன்றே எழுத வேண்டும். ஒரு வருஷம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதிய கணக்கைவிட, மசாலாக் கறை பட்ட அன்றாடச் சிட்டைக்கு மதிப்பு அதிகம். சுவரில் ஒட்டிய வேலை அட்டவணையைக் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கலாம். முதலாளி வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை அழிக்கலாகாது. வெற்றுத் தாளிலோ, வாங்காத தொகைக்கோ கையெழுத்திடவே கூடாது.

இரண்டாவது, கேட்பது. கடையில் நாலு பேர் முன்னிலையில் அல்ல, தனியே, மரியாதையாக. சில சமயம் கணக்கப்பிள்ளையின் தவறே காரணமாக இருக்கும், அன்றே தீர்ந்துவிடும். தீராவிடில் எழுத்தில் கேட்க வேண்டும். கடிதம் எழுதக் கூசுவோருக்காக ஒரு மாதிரி தருகிறோம்:

"மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கடந்த மூன்று மாதமாக எனக்குச் சேர வேண்டிய சம்பளம் மாதம் 2,000 வெள்ளி. கைக்கு வந்தது 1,500. பாக்கி 1,500 வெள்ளி. கூடுதல் நேரக் கணக்கைத் தனித் தாளில் இணைத்துள்ளேன். தாங்கள் கணக்கைப் பார்த்து, இம்மாதம் 15ஆம் தேதிக்குள் கொடுத்துதவ வேண்டுகிறேன். கணக்கில் பிழையிருந்தால் சொல்லவும், திருத்திக்கொள்கிறேன்."

இதில் கோபச் சொல் ஒன்றுமில்லை. தொகையும் தேதியும் இருக்கின்றன. நகல் ஒன்று வைத்துக்கொள்க.

மூன்றாவது, மத்தியஸ்தம். ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் இருவரையும் உட்கார வைத்துப் பேசுவது நம் வழக்கம். சமரசம் மார்க்கம் விரும்பும் காரியம். ஆனால் இங்கேதான் நாம் முன்பு சொன்ன ஆபத்து இருக்கிறது. சம்பளக் குறையை அரசாங்கத்திடம் கொண்டு செல்ல, இன்னும் வேலையில் இருப்பவருக்குக் குறை நேர்ந்ததிலிருந்து ஒரு வருஷம். வேலையை விட்டவருக்குக் கடைசி வேலை நாளிலிருந்து ஆறே மாதம். அதற்குள் பதிவு செய்யாவிட்டால் அந்த வாசல் அடைபடும். பெரியவர் பேசிக்கொண்டே இருப்பார், முதலாளி தலையாட்டிக்கொண்டே இருப்பார், ஆறு மாதம் ஓடிவிடும். மத்தியஸ்தம் செய்வோர் முதல் அமர்விலேயே இரண்டு வாரத் தவணை வைத்து, அதற்குள் முடியாவிட்டால், "தம்பி, நீ போய்ப் பதிவு செய்துகொள்" என்று தாமே சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்லாத பெரியவர், தாம் அறியாமலே ஒரு தரப்புக்கு வேலை செய்தவராகிறார்.

நான்காவது, பதிவு. மனிதவள அமைச்சோடு தொழிற்சங்கத்தாரும் முதலாளிமார் சம்மேளனமும் சேர்ந்து நடத்தும் முத்தரப்பு அமைப்பு ஒன்று உண்டு. 'டாடம்' என்று சுருக்கமாகச் சொல்வர். அங்கே முதலில் நடப்பதும் சமரசப் பேச்சே. அதில் தீராவிட்டால் சான்றிதழ் ஒன்று கொடுப்பார்கள். அதைக் கொண்டு நான்கு வாரத்துக்குள், 2017 ஏப்ரல் முதல் இயங்கும் வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் வழக்கிடலாம். அங்கே வக்கீல்கள் வாதாட முடியாது. முதலாளியும் ஊழியரும் தாமே பேசுவார்கள். ஆங்கிலம் தெரியாதே, பணம் இல்லையே என்று பயந்தவருக்கு இது ஆறுதல். 20,000 வெள்ளி வரை கோரலாம்; தொழிற்சங்கத்தின் உதவியுடன் முத்தரப்புச் சமரசத்துக்குச் சென்றவர் 30,000 வரை கோரலாம். வேலை அனுமதிச் சீட்டை ரத்துச் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களே என்னும் பயமே வெளிநாட்டுச் சிப்பந்தியின் வாயைக் கட்டுகிறது. வழக்கு முடியும்வரை தங்கியிருக்க அமைச்சு சிறப்பு அனுமதி கொடுப்பதுண்டு. வெளிநாட்டு ஊழியர் நிலையத்தாரும் வழி காட்டுவார்கள். உள்ளூர் ஊழியருக்கு மத்திய சேம நிதி குறைந்திருந்தால் அதை அந்த நிதிக் கழகத்திடமே முறையிட வேண்டும்.

மலேசியாவில் உள்ள அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட், ஐவருக்குக் குறைந்த ஆட்களை வைத்திருக்கும் சிறு கடைகளுக்கு அதே வருஷம் ஆகஸ்ட் முதல். முறையிட வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா.

செய்யக் கூடாததையும் சொல்ல வேண்டும். "எனக்குச் சேர வேண்டியதைத்தானே எடுக்கிறேன்" என்று கல்லாவில் கை வைப்பது பெருந்தவறு. தன் உரிமையை மறுப்பவனின் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா என்று ஃபிக்ஹு நூல்களில் நீண்ட விவாதம் உண்டு. இமாம்களிடையே கருத்து வேற்றுமையும் உண்டு. அதைப் படித்துவிட்டுச் சாவியைத் திருப்புகிறவர், இந்நாட்டில் திருட்டு வழக்கில் நிற்பார். அவருடைய நியாயமான பாக்கியும் அதில் மூழ்கும். சொல்லாமல் கடையை விட்டு ஓடி, வேறிடத்தில் மறைவாக வேலை பார்ப்பதும் அப்படியே. பெற வேண்டியவர் குற்றவாளி ஆகிறார்.

"நம் ஆளை நாமே அரசாங்கத்திடம் காட்டிக்கொடுப்பதா?" என்ற கேள்வி நம் காதிலும் விழுகிறது. தீய சொல் பகிரங்கமாவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று கூறும் திருக்குர்ஆன் வசனமே (4:148) அநியாயம் செய்யப்பட்டவருக்கு விலக்குத் தருகிறது. அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவுங்கள் என்றும், அவன் கையைத் தடுப்பதே அந்த உதவி என்றும் நபி (ஸல்) அவர்கள் விளக்கியது புகாரியில் உள்ளது. எனவே, முறையிட்ட சிப்பந்தியை ஊரில் ஒதுக்கி வைப்பதும், "அவனை யாரும் வேலைக்கு வைக்காதீர்கள்" என்று கடை கடையாகத் தொலைபேசியில் சொல்வதும் சமூகப் பற்றாகாது.

முதலாளிமாரின் கஷ்டத்தை நாம் அறியாதவரல்லர். வாடகையும் லெவியும் கழுத்தை நெரிக்கின்றன. ஆனால் முடை வந்தால் முதலில் சொல்ல வேண்டும். சம்பளத்தைக் குறைப்பதானால் ஊழியரின் எழுத்து மூலமான சம்மதமும், வேலை அனுமதிச் சீட்டுக்காரரானால் அமைச்சுக்கு முன்னறிவிப்பும் வேண்டும். சொல்லாமல் குறைத்தால் அது வேறு விஷயம். மாதம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளமும், பதினான்கு நாளுக்குள் கூடுதல் நேரக் கூலியும் கொடுபட வேண்டும். தவறினால் முதற் குற்றத்துக்கே 3,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கடைசி இரண்டு வருஷச் சம்பளக் கணக்கைக் கடையில் வைத்திருக்க வேண்டும். கணக்கு இல்லாத கடைக்காரர் நடுவர் மன்றத்தில் சொல்லும் வாய்ச்சொல், சிப்பந்தியின் நோட்டுப் புத்தகத்துக்கு முன் நிற்பது கஷ்டம்.

முடிவாக, பழைய பாக்கியைப் பற்றிச் சிலர் நம்மிடம் கேட்டனர். சட்டத்தின் தவணை கடந்துவிட்டால் கடனும் தீர்ந்ததா? தவணை கடந்தால் அந்த மன்றத்தின் கதவு அடைபடும்; கடன் கடனாகவே இருக்கும். முதலாளி மவுத்தானால், ஜனாஸாச் செலவு போக, மற்றக் கடன்களோடு இதுவும் கொடுபட்ட பிறகே வஸிய்யத்தும் வாரிசுப் பங்கும். சிப்பந்தி மவுத்தாகியிருந்தால் அவர் வாரிசுகளுக்குச் சேரும். குகையில் அகப்பட்ட மூவரின் ஹதீஸை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். அவர்களில் ஒருவர், கூலி வாங்காமல் போய்விட்ட ஆளின் கூலியைத் தொழிலில் போட்டுப் பெருக்கி, அவன் திரும்பி வந்தபோது ஒட்டகம், மாடு, ஆடு எல்லாவற்றையும் அவனிடமே ஒப்படைத்தார். நம்மைப் போன்ற ஒரு முதலாளிதான் அவர். நாம் அவ்வளவு செய்ய வேண்டாம், அசலையாவது அனுப்பலாம். ஆள் இருக்குமிடம் தெரியாவிட்டால், பழைய அனுமதிச் சீட்டு நகலில் ஊர்ப் பெயர் இருக்கும். அவ்வூர் ஜமாஅத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் வீடு தெரிந்துவிடும். பணத்தை நேரே அவர் வங்கிக் கணக்கில் செலுத்தி, இன்ன மாதங்களின் சம்பளப் பாக்கி என்று எழுதி, பற்றுச்சீட்டை வாங்கிப் பேரேட்டில் ஒட்டி வைக்க வேண்டும்.